சுவரில் பன்னிரண்டு கண்ணாடி

அந்த வீட்டில் காலையில் யார் முதலில் எழுந்திருப்பது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. போட்டி என்று இருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று ஐந்தரைக்கு எழ ஆரம்பித்தாள். ஏழு மணிவரை போர்வைக்குள் சுருண்டு கிடப்பவன், மேல்மாடிக் குளியலறையில் வேலை பாக்கி இருக்கிறது என்று ஐந்தேகாலுக்கு எழ ஆரம்பித்தான். எழுந்ததும் அவள் கீழே இறங்குவாள், அவன் மேலே ஏறுவான். படியில் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததே இல்லை.

வீடு நூற்று முப்பது வருஷத்துப் பழசு. தெருவே அப்படித்தான். இரண்டு ஜன்னல் அகலத்துக்கு ஒரு வீடு, ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் படம் ஆடும். அவனுடைய பெரியம்மா பிள்ளையில்லாமல் இருந்து, கண்ணை மூடும்போது வீட்டை இவனுக்கு விட்டுப் போனாள். அதன்பிறகு ஒன்பது வருஷம் வீடு பூட்டியே கிடந்தது. புறா குடியிருந்தது. கீழ்த்தளத்தில் சமையலறை ஒரு இருட்டுப் பொந்து. நடு அறைக்கும் அதற்கும் இடையே ஒன்றரைச் சாண் கனத்தில் ஒரு சுவர். குளியலறை என்று ஒன்று கொல்லையில்தான். மழையில் நனைந்துகொண்டு குளிக்கப் போகவேண்டும்.

அதற்கு முன் அவர்கள் ஒரு சைக்கிள் பட்டறைக்கு மேலே ஒன்றரை அறையில் இருந்தார்கள். அங்கேதான் இரண்டு பெண்களில் சின்னவளுக்குக் கை வெந்தது. இவள் அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை இஸ்திரிப் பெட்டியை எட்டிப் பிடித்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் உள்ளங்கைத் தோல் போய்விட்டது. இப்போது நாலு வயசு. தழும்பு மட்டும் பளபளவென்று இருக்கிறது. அன்றையிலிருந்து இவளுக்கு ஒரே வெறி. அடுப்பின் முன்னால் நின்றால் பிள்ளைகள் கண்ணில் தெரியவேண்டும். இந்த வீட்டைச் சீர்செய்வது என்று பேச்சு எழுந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தச் சுவர எடுத்துருங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

மேஸ்திரி அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பழைய வீடுகளை மட்டுமே தொடுகிறவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்று நூலோடு கிடப்பதால் ஊரில் குண்டு மேஸ்திரி என்று பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சி.

"எடுக்கலாம்மா. இரும்பு உத்திரம் ஒண்ணு குறுக்க போடணும். அதோட ஒரு முனை பக்கத்து வீட்டுப் பொதுச்சுவருமேலதான் உக்காரும். அந்தச் சுவத்துல பழைய விரிசல் நிறைய இருக்கு, பாத்தீங்களா? இதெல்லாம் எப்பவோ வந்தது. இப்ப தூங்கிட்டிருக்கு. நாம பாரம் ஏத்துனா முழிச்சுக்குதானு பாக்கணும்."

"எப்படிப் பாக்கறது?" என்றான் அவன்.

"மெல்லிசாக் கண்ணாடி வேணும். விரிசலுக்குக் குறுக்க ஒட்டி வச்சிருவேன். சுவரு மயிரிழை அசைஞ்சாலும் அது தாங்காது, உடைஞ்சிரும்."

அவன் வேலை பார்ப்பது ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில். "எங்க லேப்ல ரத்தம் தடவிப் பாக்கற கண்ணாடி இருக்கு, ஆகுமா?"

"அதைவிட நல்லது எது."

மறுநாள் ஐம்பது கண்ணாடி கொண்ட பொட்டலம் ஒன்று வந்தது. தளத்துக்கு நாலாகப் பன்னிரண்டு கண்ணாடிகளை மேஸ்திரி ஒட்டினார். விரிசலின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பசையை ஒரு பொட்டு வைத்து, கண்ணாடியைப் பாலம் மாதிரிக் கிடத்தி, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துவார். அவருடைய கட்டைவிரலில் எப்போதோ உளி பட்ட வெட்டு ஒன்று குறுக்கே ஓடியது. அந்த வெட்டு பசையில் அப்படியே பதிந்து காய்ந்தது. பிறகு கண்ணாடிமேல் எண்ணும் தேதியும் எழுதினார். கீழே ஒன்றிலிருந்து நாலு. நடுமாடியில் ஐந்திலிருந்து எட்டு. ஆறாம் கண்ணாடி பிள்ளைகள் கட்டிலுக்கு நேர்மேலே. மேல்மாடியில் மிச்ச நாலு.

"உடைஞ்சா என்னைக் கூப்புடுங்க. எந்நேரமானாலும் சரி. உடைஞ்ச கண்ணாடியத் தொடாதீங்க. எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்குனு அதுதான் எனக்குச் சொல்லும்."

"ஒண்ணே ஒண்ணு உடைஞ்சாலும் அன்னிக்கே புள்ளைங்களக் கூட்டிட்டுக் கெளம்பிடணும். இப்பவே சொல்லிட்டேன்," என்றான் அவன். மேஸ்திரியிடம் சொல்வதுபோல் அவளிடம்தான் சொன்னான். எங்கே கிளம்புவது என்று அவள் கேட்கவில்லை. பட்டறை மேல் அறையில் வேறு குடும்பம் வந்து கொடி கட்டித் துணி காயப்போட்டாகிவிட்டது.

சுவரை இடித்த மூன்று நாளும் வீடே பொடியில் மிதந்தது. ரொட்டியில் பொடி, பாலில் பொடி, சின்னவளின் கண்ணிமையில் பொடி. செங்கல்லை ஒன்றொன்றாகக் கழற்றி வாளியில் இறக்கினார்கள். பழைய சுண்ணாம்புக் காரை கையில் நசுக்கினால் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. ஆட்கள் எட்டுப் பேர் 'ஏத்து, ஏத்து' என்று உத்திரத்தைத் தூக்கி வைத்தார்கள். அதற்குக் கீழே நாலு இரும்பு முட்டுகள். திருகினால் உயர்கிற மாதிரி அடியில் ஜாக்கி வைத்தவை. நாலு வாரம் அப்படியே நிற்கட்டும், கண்ணாடி உடையவில்லை என்றால் முட்டுகளை எடுத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. அவருக்கு வேறு இரண்டு வீடுகளில் வேலை. வாரத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் அடுப்பின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள். நாலு முட்டுகளுக்கு நடுவே பெரியவள் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு முட்டுக்காலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவன் போய் ஜன்னலைத் திறந்தான்.

எட்டாம் நாள் காலையில் மூன்றாம் கண்ணாடி உடைந்திருந்தது. சமையலறை மூலையில், உத்திரம் உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் கீழே. நடுவில் ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான். முந்தின நாள் ஒட்டடை அடித்தோமே, குச்சி பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குச்சி பட்டதற்காகக் குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுபோவார்களா? அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க லென்ஸைச் சட்டத்துக்குள் பொருத்துகிற கை. பொட்டலத்திலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தாள். பழையதை பிளேடால் சுரண்டினாள். மேஸ்திரி விட்டுப்போன டப்பாவிலிருந்து பசைக்கான வெள்ளைப் பொடியைச் சின்னவளின் கிண்ணத்தில் குழைத்து, ஒட்டி, அழுத்தி, மூன்று என்றும் பழைய தேதியையும் எழுதினாள். டீ கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. உடைந்த இரண்டு துண்டுகளையும் முட்டை ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள்.

ஒன்பது நாள் விடாத மழை பிடித்துக்கொண்டது. அதில் மறுபடி மூன்றாம் கண்ணாடி உடைந்தது. இந்தத் தடவை ஒட்டடைக் குச்சியின்மேல் பழி போட முடியவில்லை. மழை ஈரத்தில் சுவர் ஊறியிருக்கும் என்று வைத்துக்கொண்டாள். அந்த வாரம் மேஸ்திரி வந்து டார்ச் அடித்துப் பன்னிரண்டையும் பார்த்தார். இவள் டீ டம்ளரோடு படியடியில் நின்றாள்.

"புது உத்திரம் ஏறுனா வீடு கொஞ்சம் உக்காரும். ஒண்ணு ரெண்டு உடையும்னு நெனச்சேன். ஒண்ணுகூட உடையலையே. நல்ல சுவரும்மா."

ஒன்று இரண்டு உடையலாம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதே. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் கணக்கும் இரண்டுதான். சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார், எதற்கு வீணாக வீட்டுக்காரரைக் கலவரப்படுத்துவது? மழை விட்டு வெயில் சுட்டெரித்தபோது, படிக்கட்டு ஓரத்து ஐந்தாம் கண்ணாடி உடைந்தது. சுவர் காய்கிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. பிறகு முதல் கண்ணாடி. பிறகு மறுபடியும் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. ஆனால் ஐந்து உடைப்புக்கும் சேர்த்து ஒரு காரணத்தை யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பயம் மட்டும் போகிற இடமெல்லாம் கூட வந்தது. கடையில் யாராவது லென்ஸைத் தவறவிட்டால் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் அறைக் கதவு முன்பெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்; இப்போது மேலே உரசிக்கொண்டு நின்றது. தோளால் முட்டித்தான் மூடவேண்டும். "கதவு குண்டாயிருச்சு," என்று சின்னவள் சிரித்தாள். தினமும் காலையில் கட்டிலின்மேல் ஏறி, தூங்கும் குழந்தைகளைத் தாண்டி, அவள் ஆறாம் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பாள். அதில் மேஸ்திரியின் வெட்டுக் கட்டைவிரல் அப்படியே இருந்தது. அது உடையவில்லை. பிள்ளைகள் தலைக்கு மேலே இருப்பது உடையாதவரை பயமில்லை. இது யாரும் சொன்னதல்ல, அவளாகப் போட்டுக்கொண்ட கணக்கு.

அவளால் மேல்மாடிக்கு மட்டும் போக முடியவில்லை. பெயின்ட் நெடி, பிள்ளைகளும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். அவனுக்கு முகம் வற்றிப்போயிருந்தது. வேலைப்பளு என்று நினைத்தாள்.

பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு தையல்கார அக்கா. தனியாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஒருநாள் பெரியவளின் பள்ளிக்கூடப் பாவாடையை மடிப்புப் பிரித்துக் கொடுக்க வாசலுக்கு வந்தவள் கேட்டாள்.

"சின்னது நேத்து சாயங்காலம் அழுதுச்சே, பல்லு வலியா?"

"உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

"பக்கத்துல நிக்கறமாதிரி கேட்டுச்சு. உங்க பெரியம்மா இருந்தப்ப அவங்க இருமுனாக்கூட எனக்குத் தெரியாது. இப்ப உங்க வீட்டு ரேடியோவுல என்ன சொல்றாங்கனு நான் இங்கருந்தே சொல்லிருவேன். சுவத்த நடுவுல எடுத்தீங்கல்ல, சத்தம் சுத்துது போல."

"ஆமாக்கா. அதுதான் இருக்கும்."

"பேசறவங்க இருக்கறது நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே அக்கா போனாள். இவள் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. கடகடவென்று ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கேட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் நினைத்தாள். அவன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "ஏங்க" என்று ஆரம்பித்தாள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, "என்ன, என்ன ஆச்சு?" என்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, "பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வரீங்களா," என்றாள். அவன் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். அவன் மேல்மாடியில் குழாய் முடுக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் நடுமாடியில், கட்டிலில் உட்கார்ந்து எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கீழிருந்து மேல்வரை ஏறிப்போய், டார்ச் அடித்து, எண்ணை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறவருக்கு ஒட்டிய விரல் யாருடையது என்று பார்க்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

"பன்னெண்டும் முழுசா இருக்கு. முட்டுகள எடுத்துரலாம். மிச்சக் கண்ணாடி இருக்குல்லம்மா? முப்பத்தெட்டு இருக்கும். குடுத்தீங்கன்னா இன்னொரு வீட்டுக்கு ஆகும்."

"எடுத்துட்டு வரேன் மேஸ்திரி."

அலமாரியைத் திறக்கும்போது அவளுடைய கவலை அற்பமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று இருக்கும். கேட்டால் என்ன சொல்வது? கைதவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்து மூன்றுதானா என்று பார்த்துவிடுவோம் என்று எண்ணினாள்.

இருபத்தாறு இருந்தது.

மறுபடி எண்ணினாள். இருபத்தாறுதான். பொட்டலத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், அலமாரியின் உள்மூலைவரை கைவிட்டுத் துழாவினாள். ஏழு கண்ணாடி இல்லை. கீழே மேஸ்திரி, "மொதல்ல ஓரத்து முட்டு. மெதுவா, மெதுவா," என்று சொல்வது கேட்டது. அவள் பேயறைந்தவளாகப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே மேல்மாடிக்கு ஏறினாள்.

அங்கே பெயின்ட் நெடியே இல்லை. ஒன்பதாம் கண்ணாடியின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். வெள்ளைப் பசையில் பதிந்திருந்த விரல் அகலமாக இருந்தது. குறுக்கே வெட்டு இல்லை. அவளுடையதும் இல்லை. பத்தாம் கண்ணாடியிலும் அதே விரல். பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் அதேதான். குளியலறை வாசலில் அவன் திருகுச்சாவியோடு நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு கண்ணாடி எங்கங்க?"

அவன் திருகுச்சாவியைக் கை மாற்றிக்கொண்டான்.

"கேக்கறேன்ல. ஏழு கண்ணாடி."

"மேல மட்டுந்தான்," என்றான். "கீழ ஒண்ணுகூட உடையல. நான் தினமும் காலையில பாத்துட்டுத்தான் இருக்கேன். மேல மட்டும் லேசா... நீ பயந்துருவேனுதான்."

"கீழ அஞ்சு உடைஞ்சுதுங்க. நான்தான் மாத்துனேன்."

அவன் கையிலிருந்த திருகுச்சாவி தரையில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

"சமையக்கட்டுச் சுவர எடுக்கச் சொன்னது நானு. அதனாலதான் உடையுதுனு..." என்றாள் அவள்.

"உன்னால இல்ல." அவன் மேலே கை காட்டினான். சுடுதண்ணீர்த் தொட்டிக்கு மேலே புதுப் பலகை அடித்து மூடியிருந்தது. "அங்க ஒரு கம்பி குறுக்க போச்சு. இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவத்துக்கு. துருப்பிடிச்ச பழைய கம்பி. அது இருந்தா தொட்டி உக்கார மாட்டேங்குதுன்னு குழாய்க்காரன் சொன்னான். மேஸ்திரி வராத நாளு. அறுத்துருனு சொல்லிட்டேன். மறுநாளே பத்தாம் நம்பர் உடைஞ்சுது. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

கீழேயிருந்து கிரீச் என்று ஜாக்கி திருகும் சத்தம் வந்தது. அவள் அடுத்த சொல்லைக் கேட்க நிற்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க மேஸ்திரி. திருகாதீங்க. கை எடுங்க எல்லாரும்."

மூன்று சுற்றுத் தளர்ந்திருந்தது. மேஸ்திரி ஆளின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பொட்டலத்தை நீட்டினாள்.

"இதுல இருபத்தாறுதான் இருக்கு. அஞ்சு நான் எடுத்தேன். ஏழு அவர் எடுத்தாரு. உடைய உடைய மாத்திட்டோம். எனக்கு அவர் மாத்துனது தெரியாது, அவருக்கு நான் மாத்துனது தெரியாது."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு மூன்றாம் கண்ணாடியின் அருகே போனார். பசையில் பதிந்த விரல்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "இது உங்களுது." ஒன்றாம் கண்ணாடி. "இதுவும்." இரண்டும் நாலும் அவருடையவை. படியேறினார். பின்னாலேயே அவள் போனாள். அவன் மேலிருந்து இறங்கி வந்து, பாதிப் படியில் நின்று, கம்பி அறுத்த கதையைத் தலை நிமிராமல் சொன்னான். மேஸ்திரி கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கம்பிதான் தம்பி இந்தச் சுவரு வெளிய சாயாம இழுத்துப் புடிச்சிட்டிருந்துது. துருப்பிடிச்சா என்ன, புடிக்க மறந்துருமா அது? நான் தெரியாம அதே சுவருமேல உத்திரத்த வச்சிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "பன்னெண்டு தடவ அது சொல்லிருக்கு. எனக்கு ஒண்ணுகூட வந்து சேரல."

பிள்ளைகள் அறைக்குள் நுழைந்தார்கள். பெரியவள் கத்தரிக்கோலும் காகிதமுமாக நிமிர்ந்து பார்த்தாள். மேஸ்திரி ஆறாம் கண்ணாடிக்கு டார்ச் அடித்தார். "இது என்னுது," என்று சொல்லி வாய் மூடவில்லை. டிக் என்று ஒரு சத்தம். நகத்தைக் கடித்தால் வருகிற அளவுதான். கண்ணாடியின் நடுவே கோடு விழுந்து, பாதித் துண்டு கட்டில்மேல், சின்னவள் வெட்டி வைத்திருந்த காகித மீனுக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஒவ்வொரு தடவையும் அவள் உடைந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். உடையும்போது கேட்டது இதுதான் முதல் தடவை. சின்னவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரியவள், "அம்மா என் செருப்பு," என்றாள். "செருப்பு வேண்டாம், நட," என்று அவன் அவள் கையைப் பிடித்தான்.

தெரு வெயிலில் கண் கூசியது. இரண்டு ஆட்களும் ஏற்கெனவே வெளியே நின்றார்கள். பக்கத்து வீட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையோடு போய்க் கதவைத் தட்டினாள்.

"இருங்க, இந்த ஓரத்த முடிச்சிட்டு வரேன்," என்றது உள்ளேயிருந்து குரல்.

"அக்கா, இப்பவே வாங்க. போட்டது போட்டபடி வாங்க."

அக்கா கதவைத் திறந்தாள். விரலில் தையல் தொப்பி, வாயில் ஊசி. ஊசியை எடுத்து நாடாவில் குத்திக்கொண்டு, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் அஞ்சு மாத்திட்டேன்க்கா," என்றாள்.

"நான் ஏழு," என்றான் பின்னாலிருந்து அவன்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஸ்திரிதான் விஷயத்தை எடுத்துச் சொன்னார். சுவர், கம்பி, கண்ணாடி என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க அக்காவின் முகம் மாறியது.

"என் வீட்டு மேல்மாடியில சுவத்துல பெரிய இரும்பு வில்லை ஒண்ணு இருக்கே, தட்டு மாதிரி, அதுவா?"

"அதேதான். கம்பியோட இன்னொரு முனை."

"அதுல நான் துணிப்பை மாட்டறேன். ஒரு மாசமா லொடலொடங்குது. சொன்னா உங்க வீட்டு வேலைய நான் தடுக்கறமாதிரி ஆயிரும், இப்பதான் ஆளு பேச்சு கேக்குதுனு இருந்தேன், எதுக்குப் பொல்லாப்புனு..." அக்கா முடிக்கவில்லை. திரும்பித் தன் வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் மெஷின். அதற்குப் பக்கத்தில்தான் கட்டில்.

மேஸ்திரி ஆட்களை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். "நீங்க போகாதீங்க மேஸ்திரி," என்று இவள் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. தளர்த்திய மூன்று சுற்றையும் திரும்ப முடுக்கவேண்டும். தெருவில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கிரீச். ஒரு சுற்று. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அவனுடைய கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. சின்னவள், "வீட்டுக்குள்ள யாரும்மா இருக்கா?" என்று கேட்டாள். மறுபடி கிரீச். உள்ளே எங்கோ காரை பொலபொலவென்று கொட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வெளியே வராவிட்டால் அந்த மனிதரின் வீட்டில் போய் என்ன சொல்வது என்பதுதான் அவளுக்குள் ஓடியது. மூன்றாவது சுற்று.

மேஸ்திரி வந்தபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருந்தார். இருமினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"இன்னிக்கு நிக்கும். மேல மரத்த வச்சு முட்டுக் குடுத்துட்டு, புதுக் கம்பி போட்டு ரெண்டு வீட்டையும் சேத்து இழுக்கணும். ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ரெண்டு வீட்லயும் யாரும் படுக்கக்கூடாது." சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். "கண்ணாடி மறுபடி ஒட்டணும். ரெண்டு பக்கமும் ஒட்டணும். நான் தினம் வரமுடியாது. இத யார் கையில குடுக்கட்டும்?"

அவள் கை அசையவில்லை. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படிக் குடுங்க," என்றாள் தையல்கார அக்கா. "பாதிச் சுவரு என்னுதுதானே."

வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் துணியை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து, அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றொன்றாக எடுத்து வைத்து எண்ணினாள். இருபத்தாறு இருந்தது.